விதை முளைக்க மூத்தாளைக் கேள்

லூச்கா,
ஏப்ரல் 6, 2026

மதிப்பிற்குரிய யர்மிலா அவர்களுக்கு,

வணக்கம். உறையின் பின்பக்கம் என் பெயரைப் பார்த்த பிறகும் பிரித்தீர்களே, அதற்கு முதல் நன்றி. நீங்களும் ஷெவெலோவா, நானும் ஷெவெலோவா. வெறும் உறையில் விலாசம் மட்டும் எழுதித் தபால்தலை வாங்கப் போனபோது, தபால் ஆபீஸ் பெண் மேலும் கீழும் படித்துவிட்டு, "என்னம்மா, சக்களத்திக்கா கடுதாசி?" என்று சத்தமாகக் கேட்டு, வரிசையில் நின்ற எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டாள்.

நான் ஆல்பீனின் இரண்டாவது மனைவி ரூஜெனா. நாம் ஒரே ஒரு முறைதான் நேரில் பார்த்திருக்கிறோம், உங்கள் மகள் ஹெட்விகா பட்டம் வாங்கிய அன்று. நீங்கள் என்னோடு பேசவில்லை. நானும் என் கோட்டுப் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றேன். போன் பண்ணலாம் என்றால், குரல் கேட்டதுமே வைத்துவிடுவீர்கள் என்று ஹெட்விகா சொன்னாள். கடிதமென்றால் கிழிப்பதற்கு முன் இரண்டு வரியாவது கண்ணில் படும் அல்லவா?

விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்குக் கஞ்சா விதை முளைக்கவில்லை.

சிரிக்காதீர்கள். புத்தாண்டிலிருந்து ஆளுக்கு மூன்று செடி வீட்டில் வளர்த்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்ததும், ஊரில் முதல் ஆளாகக் கடைக்கு ஓடியவர் ஆல்பீன்தான். எனக்காகத்தான் ஓடினார். நான் அக்கார்டியன் வாசிக்கிறவள். ஊர் வாத்தியக் குழுவில் கல்யாணத்துக்கும் வாசிப்பேன், சாவுக்கும் வாசிப்பேன். இப்போது காலையில் எழுந்தால் விரல் மடங்குவதில்லை. டாக்டர் கொடுக்கிற மாத்திரையை விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். இவரோ, "இதே வீட்ல ஒரு காலத்துல பன்றிக் கொழுப்புல கஞ்சா இலை போட்டுக் காய்ச்சின களிம்பு ஜாடி ஜாடியா இருந்துச்சு. நான் பண்றேன் பாரு. முப்பது வருஷம் முளைக்க வெச்சவன்டி நான். கண்ணைக் கட்டி விட்டாலும் முளைக்க வெப்பேன்" என்றார்.

கண்ணைக் கட்டித்தான் செய்தாரோ என்னவோ. முதல் தடவை விதைகளைக் கிளாஸ் தண்ணீரில் போட்டு ஹீட்டர் மேல் வைத்தார். அடுத்த ஞாயிறு வரை எடுக்கவே இல்லை. வீடு முழுக்கக் குட்டை நாற்றம். அடுத்த தடவை தோட்டத்து மண்ணில் ஒரு விரல் ஆழத்துக்குக் குத்தி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். விதையை நட்டாரா, அடக்கம் செய்தாரா, தெரியவில்லை. கேட்டால் தண்ணீரில் மருந்து கலக்கிறார்கள் என்கிறார், நிலாவைக் குறை சொல்கிறார்.

போன வாரம் ஹெட்விகா வந்திருந்தாள். கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பாவா? அப்பா ஒரு பட்டாணியக்கூட முளைக்க வெச்சதில்ல. எல்லாம் அம்மாதான். அப்பா வெளியில போய்ச் சொல்லுவாரு, அவ்வளவுதான்."

கையில் கொஞ்சம் விதை மிச்சமிருக்கிறது. எப்படி என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதாவிட்டாலும் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

மரியாதையுடன்,
ரூஜெனா ஷெவெலோவா

*

ஸ்நோய்மோ,
ஏப்ரல் 10

திருமதி ஷெவெலோவாவுக்கு,

கிழிப்பதாகத்தான் இருந்தேன். ஞாயிறு முதல் ஞாயிறு வரை விதை தண்ணீரில் கிடந்தது என்று படித்ததும் மனம் பொறுக்கவில்லை. இதை விதைகளுக்காக எழுதுகிறேன். உங்களுக்காக அல்ல.

விதைக்கு ஈரம் வேண்டும், குளம் வேண்டாம். மிச்சமிருப்பதில் பச்சையாக, வெளுத்துப்போய் இருப்பவற்றை எறிந்துவிடுங்கள், அவை பிஞ்சு. பழுப்பாக, வரியோடி, விரலால் அழுத்தினால் நசுங்காமல் நிற்பவை நல்லவை. அவற்றை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப் போடுங்கள். காலையில் டிஷ்யூ பேப்பரை நனைத்து, சொட்டாமல் பிழிந்து, தட்டில் விரித்து, விதைகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள். மேலே இன்னொரு ஈரப் பேப்பர். அதன்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து ஃப்ரிட்ஜின் தலையில் வையுங்கள். அந்தச் சூடு போதும். பேப்பர் காயக் கூடாது, மிதக்கவும் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஆல்பீனை அண்ட விடாதீர்கள். விதை வளர்கிறதா என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் தூக்கிப் பார்ப்பார்.

அந்த நாளில் இதெல்லாம் ஒளித்துச் செய்கிற வேலை. நான் முளைக்க வைத்து, மக்காச்சோளத்துக்கு நடுவே யார் கண்ணிலும் படாமல் நட்டு வைப்பேன். இவர் பீர்க்கடையில் உட்கார்ந்து, "யாருக்காச்சும் முட்டி வலிக்குதா?" என்று கேட்பார். கதவு தட்டுகிற ஒவ்வொரு முறையும் எனக்கு உயிர் போய் வரும். மனிதர் கெட்டவர் இல்லை. வாய்தான். கேட்டுக் கேட்டுச் சலித்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் அம்மா ஊருக்கே வந்துவிட்டேன். இங்கே வெள்ளரிக்காய் போடுகிறேன். வெள்ளரிக்காய் பேசாது.

நீங்கள் யாரையும் என்னிடமிருந்து பறிக்கவில்லை. நான் வேண்டாம் என்று விட்டுவந்ததைத்தான் எடுத்துக்கொண்டீர்கள், அதுவும் இரண்டு வருஷம் கழித்து. அதில் எனக்கு வருத்தமே கிடையாது. ஆனால் கிறிஸ்துமஸ் ராத்திரிக்கு என் மகளும் அங்கேதான் என்று ஆகிவிட்டதே, "அங்க பாட்டு இருக்கும்மா" என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டு. அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

பதில் எழுத வேண்டாம்.

யர்மிலா ஷெவெலோவா

*

லூச்கா,
ஏப்ரல் 17

மதிப்பிற்குரிய யர்மிலா அவர்களுக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றீர்கள். இது பதில் இல்லை, செய்தி. முளைத்துவிட்டது!

இன்று காலை தட்டைத் தூக்கினேன். ஓடு பிளந்து, எலிக்குட்டியின் வால் மாதிரி வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது. ஒன்றா? ஏழு! நான் தனியாகச் சமையலறையில் நின்று கைதட்டினேன். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதனால்தானோ என்னவோ, அந்த வாலைப் பார்த்து இவ்வளவு கூத்து.

ஆல்பீனிடம் ஃப்ரிட்ஜ் மேல் இருப்பது ரொட்டி மாவு என்று சொல்லி வைத்திருந்தேன். கைதட்டல் கேட்டு ஓடி வந்துவிட்டார்.

"பாத்தியா! நான் சொன்னேன்ல, தரமான விதைன்னு!"

"விதை போன தடவையும் இதே விதைதான்."

"போன தடவை நிலா சரியில்ல."

"இந்தத் தடவை?"

"இந்தத் தடவை நான் கிட்ட வரலயே, அதுவும் ஒரு முறைதான்" என்கிறார். எப்படித் திட்டுவது, சொல்லுங்கள்.

மத்தியானமே பீர்க்கடைக்குப் போய்விட்டார். சாயங்காலத்துக்குள் எங்கள் வாசலில் கூட்டம். ரொட்டிக்கடை மிலாடா ஒரு பொட்டலம் விதையோடு வந்தாள். பாதிரியார் வீட்டில் சமைக்கிற அம்மா தனக்கில்லை, இடுப்பு வலிக்கிற அக்காவுக்கு என்று சொல்லி ஒரு பொட்டலம் நீட்டினாள். ஓய்வுபெற்ற போலீஸ்காரர் யிண்ட்ராகூட வந்தார். "மாஸ்டர், நமக்கும் கொஞ்சம் கைவெச்சுக் குடுங்க." இவரும் கூச்சமே இல்லாமல், "கொண்டா, கொண்டா. எல்லாத்தையும் வாலோட தரேன்" என்று வாங்கி அடுக்கிவிட்டார்.

முளைத்ததை மண்ணில் எப்படி வைப்பது? தொடவே பயமாக இருக்கிறது.

கிறிஸ்துமஸ் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு தரம் படித்தேன். ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. ஹெட்விகா இங்கே வரும்போதெல்லாம் உங்கள் வெள்ளரி ஊறுகாய் ஜாடி ஒன்றைக் கொண்டுவந்து தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். வேறு யாரையும் தொட விடமாட்டாள். அப்பா கெஞ்சினாலும் பாதித் துண்டுதான்.

ரூஜெனா

*

ஸ்நோய்மோ,
ஏப்ரல் 22

ரூஜெனா அவர்களுக்கு,

ஊறுகாய் விஷயம் எனக்குத் தெரியாது. பாதித் துண்டு என்றா எழுதியிருக்கிறீர்கள்? நல்லது.

வேரை விரலால் தொடாதீர்கள், ஸ்பூன் நுனியால் எடுங்கள். அடியில் ஓட்டை போட்ட கப்பில் பொலபொலவென்ற மண், ஒரு நகம் ஆழத்துக்குக் குழி. வால் கீழே பார்க்க வேண்டும். மேலே மண்ணைத் தூவுங்கள், அழுத்தாதீர்கள். ஜன்னலோரம் வெளிச்சத்தில் வைத்து, மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். மே மாதக் கடைசிக் குளிர் போகும்வரை வெளியே விடாதீர்கள். ஏழில் ஆறுதான் உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து. ஏழாவதை விதையே வாங்காத யாருக்காவது கொடுங்கள்.

ஊர்க்காரர்கள் கொடுத்ததில் பழைய விதை இருந்தால், தீப்பெட்டிக்குள் உப்புத்தாளை ஒட்டி, விதையைப் போட்டுச் சும்மா குலுக்கிவிட்டு ஊறப் போட்டால் ஓடு இளகும். ஆனால் நீங்கள் செய்யாதீர்கள். அவரிடமே விட்டு வேடிக்கை பாருங்கள். பார்த்ததை எனக்கு எழுதுங்கள். இங்கே டி.வி.யில் ஒன்றும் இல்லை.

இன்னொரு விஷயம். எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆகஸ்ட் 29 ஹெட்விகாவுக்கும் டாலிபோருக்கும் கல்யாணம். பிர்னோவில் வெறும் கையெழுத்துதானாம். விருந்து கிடையாது, பாட்டு கிடையாது. ஏனடி என்று கேட்டால், "உனக்கே தெரியும்மா" என்கிறாள். நீங்களும் நானும் ஒரே கூடத்தில் உட்கார முடியாது என்று பிப்ரவரியில் நான் சொன்னேன். சொன்னதை மாற்றிப் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை.

யர்மிலா

*

லூச்கா,
ஏப்ரல் 26

மதிப்பிற்குரிய யர்மிலா அவர்களுக்கு,

காப்பாற்றுங்கள்! வேடிக்கை என் தலையிலேயே விடிந்தது.

நேற்று நான் ஒத்திகைக்குப் போயிருந்தேன். ஆல்பீன் ஊர் விதைகள் அத்தனையையும், பெயர் எழுதிய பொட்டலத்தோடேயே, இறைச்சிக் குழம்பு வைக்கிற பெரிய பாத்திரத்தில் ஊறப் போட்டிருக்கிறார். "பேப்பர்ல பேர் இருக்கே, அப்புறம் பிரிச்சுக்கலாம்" என்று. காலையில் பார்த்தால் பேப்பர் கூழாகிவிட்டது. மை கரைந்து தண்ணீர் நீலம். விதை எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து கிடக்கிறது. யிண்ட்ரா வாங்கிய உயர்ந்த ரகம் எது, மிலாடா தன் ஜன்னலுக்கு வரும் குருவிகளுக்குத் தீனியாக வைத்திருந்தது எது, கடவுளுக்குத்தான் தெரியும்.

அலசி, பிழிந்த பேப்பரில் பரப்பி வைத்திருக்கிறேன். வீட்டில் இருக்கிற எல்லாத் தட்டிலும் விதை. நாங்கள் வாணலியில் சாப்பிடுகிறோம். சனிக்கிழமை மத்தியானம் அத்தனை பேரும் வாங்கிக்கொள்ள வருகிறார்கள். ஆல்பீன் அன்றைக்குப் பார்த்து மீன் பிடிக்கப் போகிறாராம். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு மீன் பிடித்ததில்லை.

கல்யாண விஷயம். ஆகஸ்ட் கடைசியில் நான் ஓலோமோட்ஸில் என் தங்கை வீட்டில் இருப்பேன். அந்த வாரம் அவளுக்கு உடம்பு சரியிருக்காது, கூட ஆள் வேண்டும். ஹெட்விகாவிடமும் சொல்லிவிட்டேன். அதனால் நீங்கள் விருந்து, பாட்டு எல்லாம் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். கொலார்ஷ் என்று ஒரு பையன் இருக்கிறான், என்னைவிட நன்றாகவே அக்கார்டியன் வாசிப்பான். விலாசம் அனுப்புகிறேன்.

ரூஜெனா

*

(தபால் அட்டை)

ஸ்நோய்மோ, ஏப்ரல் 29

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். தயிர்க் கப், டீ கப், எது கிடைத்தாலும் சேர்த்து, அடியில் ஓட்டை போட்டு வையுங்கள். அவரிடம் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. எப்படியும் ஒளிந்துகொள்வார்.

யர்மிலா

*

ஸ்நோய்மோ,
மே 4

ரூஜெனா அவர்களுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பெண், "ஏம்மா, தனக்குத் தானே சிரிச்சுக்கிறீங்க?" என்று கேட்கிற அளவுக்கு வந்தேன்.

ஒன்பது வருஷம் கழித்து அந்தச் சமையலறைக்குள் நுழைந்தபோது கால் கொஞ்சம் தயங்கியது நிஜம். நீங்கள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, "ஸ்பூன் எங்கன்னு உங்களுக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னீர்கள். அதே இழுப்பறையில்தான் இருந்தது.

நீங்கள் கப் எடுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனபோது நான் நிலவறைக் கதவைத் திறந்தேன். மீன் பிடிக்கப் போனவர் உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார், கையில் தூண்டில்.

"யர்மிலா, நீ வருவேன்னு தெரிஞ்சிருந்தா சவரம் பண்ணியிருப்பேன்."

"நம்ம கல்யாணத்தன்னிக்கே பண்ணல நீங்க. எழுந்து வாங்க மேல."

மத்தியானம் முற்றத்தில் நடந்ததுதான் ரயிலில் என்னை அப்படிச் சிரிக்க வைத்தது. ஊரே நிற்கிறது. நான் சொன்னேன்: "உங்க விதை எதுன்னு எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. எல்லாம் ஒரே பாத்திரத்துல குளிச்சு ஒரே குடும்பமாயிடுச்சு. கண்ணை மூடிட்டு ஆளுக்கு மூணு கப் எடுங்க. குறை இருந்தா மாஸ்டரக் கேளுங்க." மிலாடா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ இத்தனை வருஷமா மாஸ்டர் நீங்கதானா?" என்றாள். "நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எவ்வளவு சிரிப்பு! அப்புறம் போலீஸ்காரர் யிண்ட்ரா பக்கத்தில் வந்து தொப்பியைக் கழற்றினார்.

"உங்க மக்காச்சோளத்துக்கு நடுவுல என்ன இருந்துச்சுன்னு எனக்கு அப்பவே தெரியும்மா."

கையிலிருந்த கப்பைக் கீழே வைத்தேன். "எப்படி?"

"ஆல்பீன்தான் சொன்னான். முட்டிக்கு ஒரு ஜாடி களிம்பும் குடுத்தான். அதான் நான் அந்தப் பக்கமே திரும்பல."

இத்தனை வருஷம் எந்த வாயைக் கண்டு நடுங்கினேனோ, அந்த வாய்தான் என்னைக் காவல் காத்திருக்கிறது! அவரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். தாங்க முடியாது.

அப்புறம் எல்லாரும் கேட்டார்கள் என்று நீங்கள் அக்கார்டியனை எடுத்தீர்கள். எடுப்பதற்கு முன்னால் யாரும் பார்க்காதபோது குழாயடியில் சுடுதண்ணீரில் கையை வைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். இரண்டு இடத்தில் சுரம் தவறியது. நீங்கள் முகம் சுளிக்காமல் அந்தத் தவறையே பாட்டு மாதிரி ஆக்கிக்கொண்டு போனீர்கள். ஹெட்விகா ஏன் அங்கே வருகிறாள் என்று எனக்கு அப்போது விளங்கிவிட்டது.

நான் ஆல்பீனிடம், "இவங்க தங்கைக்கு என்ன உடம்புக்கு?" என்று கேட்டேன். "எந்தத் தங்கை? அவ ஒத்தைப் பொண்ணாச்சே" என்றார். ஆகஸ்டில் உடம்பு சரியில்லாமல் போகப்போகிற ஆளை ஏப்ரலிலேயே கண்டுபிடித்தபோதே எனக்குச் சந்தேகம்தான்.

கேளுங்கள். நான் நாலு வயது மூத்தவள், மூத்தவள்தான் இதை முதலில் சொல்ல வேண்டும். ஆளுக்கொரு கிளாஸ் பிளம் சாராயத்தோடு நேரிலேயே சொல்லியிருப்பேன், ரயிலுக்கு நேரமாகிவிட்டது. இனிமேல் நமக்குள் 'நீங்கள்' வேண்டாம்.

அடி ரூஜெனா, ஆகஸ்ட் 29 நீ வருகிறாய். கொலார்ஷ் என்கிற பையன் வேண்டாம், நீதான் வாசிக்கிறாய். விரல் எவ்வளவு மடங்குகிறதோ அவ்வளவு போதும். சாப்பாட்டு மேசையில் என் பக்கத்து நாற்காலி உனக்கு. ஹெட்விகாவிடம் நேற்றே போனில் சொல்லிவிட்டேன். சொன்னதை மாற்றிப் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை, இந்த ஒரு தடவை மாற்றிக்கொண்டேன். அவள் போனை வைக்காமல் ரொம்ப நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

உன்,
யர்மிலா

*

லூச்கா,
செப்டம்பர் 7

என் யர்மிலா அக்காவுக்கு,

கோடை முழுக்கப் போனிலேயே பேசிவிட்டோம். ஆனால் இதைப் போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் தாளை எடுத்தேன். 'நீ' என்று பேச வாய் பழகிவிட்டது, எழுதத்தான் கை இன்னும் கூசுகிறது.

கல்யாணப் படங்கள் வந்துவிட்டன. ஒன்றில் நீ வாயை முழுசாகத் திறந்து பாடுகிறாய், நான் உன் சுருதியைத் தேடிக்கொண்டு அக்கார்டியனைக் குனிந்து பார்க்கிறேன். உன் சுருதி எந்த வாத்தியத்திலும் கிடையாது, அக்கா. ஆனால் கூடத்தில் அதுதான் சத்தமாக இருந்தது. இன்னொன்றில் ஆல்பீன் நம் இரண்டு பேருக்கும் நடுவே, பரிசு வாங்கிய ஆட்டுக்கடா மாதிரி நிற்கிறார். சவரம் செய்திருக்கிறார், கவனித்தாயா? டாலிபோரின் அத்தை என்னிடம் வந்து, "நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கையா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ "ஆமா" என்று சொல்லிவிட்டாய். உன் காதில் விழுந்ததோ இல்லையோ, என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தத்தில் பாதிப் பாட்டு கெட்டது.

செடிகள் ஆறும் என்னைவிட உயரம். கீழ் இலைகளைப் பறித்து, நீ சொன்ன மாதிரி சின்னத் தீயில் கொழுப்போடு காய்ச்சி, துணியில் வடித்து, முதல் ஜாடி எடுத்துவிட்டேன். ராத்திரி தடவிக்கொண்டு படுக்கிறேன். காலையில் விரல் முன்னைவிட மடங்குகிறது. களிம்பா, மாத்திரையா, கல்யாண சந்தோஷமா என்று தெரியாது. டாக்டர் மாத்திரை என்கிறார். ஆல்பீன் நிலா என்கிறார். எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை.

டிசம்பர் 24 ராத்திரி நாங்கள் எல்லாரும் ஸ்நோய்மோவுக்கு வருகிறோம். ஹெட்விகாவும் டாலிபோரும் நேராக உன் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மீன் நீ பொரி, உருளைக்கிழங்கு சாலட் நான் கொண்டுவருகிறேன். ஆல்பீனுக்குத் தரையில் படுக்கை போட்டால் போதும்.

அதற்கு முன்னால் நீ இங்கே வர வேண்டும். இந்த வருஷம் பிளம் கொட்டுகிறது, கிளையெல்லாம் தரையில் படுத்துவிட்டது. நான் ஒருத்தி பொறுக்கி மாளாது. இது ஆல்பீன் சொல்லி எழுதியது இல்லை, நான் கூப்பிடுகிறேன். சனிக்கிழமை, போன தடவை மாதிரியே பக்கத்து ஊர் கியோவ் ஸ்டேஷனில் இறங்கு. பெட்டி தூக்க அவரைக் கூட்டிவருவேன். என் கை சும்மா இருக்காது, பிளாட்பாரத்திலேயே அக்கார்டியனை மாட்டிக்கொண்டு நிற்பேன். ரயில் வளைவில் திரும்பும்போதே ஆரம்பித்துவிடுவேன். ஸ்டேஷன் மாஸ்டர் திட்டினால் திட்டட்டும்.

வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிடாதே, அக்கா. இறங்கி வா.

உன்,
ரூஜெனா